பட்டறைப் பக்கம்: டேங்க் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டர் காய்கிறது

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு மாருதி 800. வாரம் ஒரு முறை தோட்டத்து வேலையாகக் கோத்தகிரி போய் வருகிறேன். சமவெளியில் எந்தத் தொல்லையும் இல்லை. மலை ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போகிறது. நான்கு நாளைக்கு ஒரு தரம் ரேடியேட்டரில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வீட்டில் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பக்கத்திலுள்ள சிறிய பிளாஸ்டிக் டேங்க் மட்டும் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. ஒரு பட்டறையில் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போட்டார்கள். இன்னொரு பட்டறையில் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரித்துவிடலாமா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். டேங்க் எப்போதும் நிறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். உங்கள் மெக்கானிக்குகள் இருவரும் அந்த டேங்கைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

எஞ்சின் சூடேறினால், அதைக் குளிர்விக்க உள்ளே ஓடும் கூலன்ட் திரவம் விரியும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். மிஞ்சியது சிறிய ரப்பர் குழாய் வழியாக டேங்குக்குப் போய்ச் சேரும். இரவில் எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி ஓர் உறிஞ்சல் உண்டாகும். அப்போது மூடியின் அடியில், நடுவிலிருக்கும் பொட்டு அளவு வால்வு திறந்து, போனதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பகலில் கொடுத்த கடன் விடிவதற்குள் வசூலாகிவிட வேண்டும். உங்கள் வண்டியில் கடன் போகிறது, வசூல் நடக்கவில்லை. ரேடியேட்டர் குறைகிறதே என்று நீங்கள் மேலும் ஊற்றுகிறீர்கள். அடுத்த ஏற்றத்தில் அதுவும் நிறைந்த டேங்குக்கே போய், அங்கே இடமில்லாமல் சாலையில் வழிந்து காய்ந்துவிடுகிறது. வீட்டில் ஈரம் எப்படித் தெரியும்?

முள் மலையில் மட்டும் ஏறுவதற்கும் அதே மூடிதான் காரணம் என்று நினைக்கிறேன். 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக வேலை செய்தால், வெறும் தண்ணீர்கூடக் கொதிப்பதற்கு ஏறத்தாழ 118 டிகிரி ஆகும். மூடி தளர்ந்துபோனால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். கோத்தகிரி உயரத்தில் அதற்கும் கீழே. இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும் எஞ்சினுக்கு அந்தப் பதினெட்டு டிகிரி மிகப் பெரிய விஷயம்.

நாளைக் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்பே, பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பாருங்கள். சூப்பிய மாங்கொட்டை போல ஒட்டிப்போயிருந்தால் அந்தப் பொட்டு வால்வு அடைத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். ஹோஸ் உருண்டையாகவே இருந்தால் வேறெங்கிருந்தோ காற்றை உறிஞ்சுகிறது. மூடியின் மேல் விளிம்பிலுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். இல்லையென்றால் டேங்குக்குப் போகும் சிறிய குழாய் கீறியிருக்கலாம். மூடியையும் அந்தக் குழாயையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் நீங்கள் ஒரு தரம் மலைக்குப் போய்வரும் பெட்ரோல் செலவுக்குள்தான் வரும். பழைய மூடியின் மேல் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். கூடுதல் எண் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இருபது வருடத்து ஹோஸ் அதைத் தாங்காது.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் பிரிக்காமலே தீர்த்துக்கொள்ளலாம். நன்றாக ஆறிய எஞ்சினில், மூடியைக் கழற்றி, கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் உள்ளே மாட்டிய காற்று. அவற்றை எண்ண வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் குமிழி நிற்காமல், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தப் பெருகினால் அந்தப் பட்டறைக்காரர் சொன்னது உண்மை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் அதுதான். மழைக்காலத்தில் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓடும் வண்டிகளில் அது சாதாரணமாக வருவதுதான்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சூட்டில் அந்த மூடியைத் தொடாதீர்கள். பட்டறையில் சேர்ந்த புதிதில், ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பி ஓர் அம்பாசிடரின் மூடியைத் திருகினேன். சாக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்றைக்கும் அங்கே முடி முளைப்பதில்லை.

மஞ்சள் தூள் ரசத்துக்கு நல்லது. ஓட்டையை அடைப்பது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும். முழுவதையும் வடித்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசச் சொல்லுங்கள். பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்பார்கள். துருப் பிடிக்காமல் காப்பதும் அதன் வேலைதான். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே பத்து வருடம் ஓடிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. எஞ்சின் பக்கவாட்டில் பதித்திருக்கும், நாங்கள் டம்மி என்று சொல்லும் தகட்டு மூடியை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தொட்டேன். அப்பளம் போல உடைந்து, உள்ளிருந்து செம்மண் குழம்பாகத் தண்ணீர் கொட்டியது.

அலசும்போது, எஞ்சினின் சூட்டுக்கு ஏற்பக் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் சூடாகிறது என்று சொன்னாலே அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் பட்டறைகளை விட்டு இன்னும் போகவில்லை.

கேள்வி: 1996 அம்பாசிடர். எஞ்சின் ஓடும்போது ஃபேன் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறிக்கிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வாட்டர் பம்பைப் பாருங்கள். பம்பின் அடியில் சிறிய துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அது வழியாக வெளியேறுவதற்காகவே வைத்த துளை. அங்கே சொட்டுவதை ஃபேன் அள்ளி நாலாபுறமும் வீசுவதால் ரேடியேட்டர் ஒழுகுவது போலத் தோன்றும். எஞ்சினை நிறுத்தி, ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்கும் போய்விட்டது. அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பம்பை மாற்றிய பிறகு பெல்ட்டை வீணைத் தந்தி போல முறுக்க விடாதீர்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

கேள்வி: பழைய கார். ஏசி போட்டு ஓட்டினால் முன் சீட்டில் கால் வைக்கும் இடத்து மிதியடி நனைகிறது. கூலன்ட் ஒழுகுகிறதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசியின் வடிகுழாய் தூசியில் அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தினால் திறந்துகொள்ளும். விரலில் வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இருந்து, முன் கண்ணாடியும் உள்பக்கம் பனி படிந்தாற்போல ஆனால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. திருச்சியில் உங்களுக்கு ஹீட்டர் எதற்கு? அதற்குள் போய் வரும் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். இனிப்பாக இருந்தாலும் கூலன்ட் விஷம். வடித்ததை வாசலில் கொட்டாமல் கேனில் பிடித்து மூடி வையுங்கள். தெரு நாய்கள் அந்த இனிப்புக்கு வந்துவிடும்.