பறவை தெரியட்டும், வீடு தெரிய வேண்டாம்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டில் ஒரு ஜோடி காக்டெயில் பறவைகளும் ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளியும் இருக்கின்றன. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். எட்டாவது படிக்கும் மகன், பறவை வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் படம் போடுவான். தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமென்டாகத்தான் அனுப்புவான். போன வாரம் குழுவில் ஒருவர், "ஐகிரவுண்டு பக்கந்தானே வீடு, நேரில் வந்து கிளியைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் யாரிடமும் முகவரி சொன்னதில்லை. படம் போடுவதை நிறுத்தச் சொன்னால் பையன் அழுகிறான். என்ன செய்ய? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. எடுக்கிற விதத்தையும் அனுப்புகிற விதத்தையும் மாற்றினால் போதும்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காக்டெயில் பால்கனிக் கம்பியில் கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஜோராக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் எதிர்க்கடைப் பலகை, போன் நம்பரோடு. கம்பிக்குக் கீழே உங்கள் ஸ்கூட்டியின் நம்பர் பிளேட். ஓரத்தில் பையனின் பள்ளி டையில் பேட்ஜ். இதையெல்லாம் விட என்னைத் திடுக்கிட வைத்தது, அவன் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது: "அம்மா கடைக்குப் போயாச்சு, நானும் சிட்டுவும் மட்டும்." பிள்ளை கள்ளமில்லாமல்தான் எழுதியிருக்கிறான். ஆனால் முன்பின் தெரியாத அத்தனை பேர் படிக்கிற இடம் அது.

டாக்குமென்டாக அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அந்த விவரத்தை நீக்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அந்த ஆளுக்கு வழி காட்டியது கடைப் பலகையோ இதுவோ, ரெண்டையும் அடைத்துவிடுங்கள். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணையுங்கள். வெறும் சுவர் முன்னாலோ, வேட்டித் துணியைத் திரையாகக் கட்டி அதன் முன்னாலோ பறவையை வைத்து எடுக்கட்டும். படமும் அதில்தான் நன்றாக வரும். "இப்போது" என்று எழுதாமல், இரண்டு மூன்று நாள் கழித்துப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே போனவற்றில் அழிக்க முடிந்ததை அழித்துவிடுங்கள்.

கிரேயின் கால் வளையத்தில் இருக்கும் எண் படத்தில் தெரியவே கூடாது. நாளைக்குக் கிளி பறந்துபோய் யாராவது பிடித்து வைத்திருந்தால், அது உங்களுடையது என்று காட்டும் அத்தாட்சி அந்த எண்தான். அது ஊருக்கே தெரிந்துவிட்டால், எவனும் வந்து "என் கிளி" என்பான். அந்தப் படத்தைப் போட்டே கிளி விற்பனைக்கு என்று அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றவும் ஆள் இருக்கிறது. அப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

சரி, வந்து பார்க்கிறேன் என்றவருக்கு என்ன சொல்வது? "காக்டெயில் முட்டை வெச்சிருக்கு, வெளியாள் வந்தா மிரளும்" என்று சொல்லிவிடுங்கள். முட்டை வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பொய்க்குப் பாவமில்லை. பல வீட்டுக் கூண்டைத் தொட்டவர் கையோடும் துணியோடும் நோய் வரும் என்பது பொய்யே இல்லை. அவர் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழு அட்மினிடம் காட்டுங்கள். அதற்கு மேலும் தொந்தரவு செய்தால் பிளாக் செய்யுங்கள். வாசலுக்கே வந்து நின்றால் யோசிக்காமல் 100க்கு அடியுங்கள். குழுவில் நல்லவர்களும் இருப்பார்கள். அவர்களைச் சந்திக்க நாலு பேர் நடமாடும் பொது இடமாகப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு நோய் என்றால் குழுவில் மருந்து கேட்காமல் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள்.

அந்தக் குழுவில் "பச்சைக்கிளிக் குஞ்சு விற்பனைக்கு" என்று யாராவது போட்டால், பையன் அதை ஃபார்வர்டு செய்யக் கூடாது. நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்பார்கள். அதுவும் குற்றந்தான்.

உங்கள் காக்டெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, அது ஆஸ்திரேலியப் பறவை. கிரேயை அப்படி விட்டுவிட முடியாது. அது 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். படத்தைப் பற்றி இவ்வளவு கேட்ட நீங்கள் இதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே வனத்துறை அலுவலகத்துக்குப் போய், வாங்கின ரசீதோடு என்ன செய்வதென்று கேளுங்கள்.