கிராண்ட் கேன்யனின் மணலும் மீனும்: கேள்வி பதில்

கே: சார், அரிசோனாவின் கிளென் கேன்யன் அணையிலிருந்து வேண்டுமென்றே வெள்ளம் திறந்துவிடுகிறார்களாமே. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் இது வீண் இல்லையா?

ப: வீணாகாது. அந்தத் தண்ணீர் கொலராடோ ஆற்றில் இறங்கி, கீழே மீட் ஏரி என்ற நீர்த்தேக்கத்தில் சேர்ந்துவிடும். ஆண்டுக்குத் திறக்க வேண்டிய மொத்த அளவும் மாறாது. டர்பைன் வழியே போகாத தண்ணீரில் மின்சாரம் எடுக்க முடியாது, நஷ்டம் அதுதான்.

கே: சரி, வெள்ளத்தால் கரைக்கு என்ன லாபம்?

ப: 1963-ல் அணையை மூடியதிலிருந்து, மேலிருந்து வரும் மணல் அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. வெளியே வரும் தெளிந்த நீர் மணல்திட்டுகளை அரித்துக்கொண்டே போகிறது. அணைக்குக் கீழே உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் படகில் போகிறவர்கள் இரவு தங்குவது இந்தத் திட்டுகளில்தான். கரையோரத் தொல்லியல் இடங்களை மூடிக் காப்பதும் இங்கிருந்து காற்று அள்ளிப் போகும் மணல்தான். இப்போது புது மணல் வருவது பெரும்பாலும் பரியா, லிட்டில் கொலராடோ என்ற இரண்டு துணையாறுகளிலிருந்து. அது ஆற்றடியில் கிடக்கும். வெள்ளம் வந்தால்தான் கிளம்பிவந்து ஓரத்துச் சுழல்களில் படியும்.

1996-ல் நொடிக்கு 45,000 கன அடி வீதம் ஏழு நாள் திறந்தார்கள். அடியில் போதிய மணல் இல்லாததால், பழைய திட்டுகளின் கீழ்ப்பகுதியையே அரித்து மேலே போட்டது ஆறு. அதனால் 2012 முதல், பரியா மணல் கொண்டுவந்திருக்கிறதா என்று பார்த்து, பெரும்பாலும் நவம்பரில், சில நாட்கள் மட்டும் திறக்கும் முறை வந்தது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் கிடைத்த பெரிய பலன் இந்த நேரக்கணக்குதான் என்பேன். ஆனால் திட்டுகள் மறுபடி கரையும். ஒரு வெள்ளத்தோடு வேலை முடியாது.

கே: அண்ணா, ஏரியில் தேங்கிய மணலை லாரியில் அள்ளிவந்து கொட்டினால்?

ப: பெரும்பகுதி வண்டல் கிடப்பது ஏரியின் மறுகோடியில். ஏரியின் நீளமே சுமார் 300 கிலோமீட்டர்.

கே: மீனுக்கு என்ன ஆபத்து?

ப: ஹம்ப்பேக் சப் அந்த ஆற்றுக்கே உரிய மீன். தலைக்குப் பின்னால் திமில் இருக்கும். அணைக்கு முன் கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய ஆறு, ஏரியின் ஆழத்திலிருந்து நீர் எடுத்ததால் ஆண்டு முழுவதும் குளிர்ந்துவிட்டது. முட்டையிட வெதுவெதுப்பான லிட்டில் கொலராடோதான் முக்கியப் புகலிடமானது. 1967-ல் அழியும் நிலைப் பட்டியலில் இருந்த இந்த மீன், 2021-ல் ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. இது சாதாரண வெற்றி இல்லை.

கே: குஞ்சுகளைத் தின்னும் ட்ரவுட் மீன்களைக் கொன்றுவிடலாமே ஐயா?

ப: 2003 முதல் சில ஆண்டுகள் மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து அகற்றினார்கள். அப்படி அகற்றிய, கொலராடோவும் லிட்டில் கொலராடோவும் கூடும் இடம் ஹோபி, சூனி பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. அங்கே உயிர்களைக் கொன்று குவிப்பதை அவர்கள் எதிர்த்தார்கள். அது நியாயமான எதிர்ப்பு.

கே: ஏரி வற்றி, இப்போது வெப்பமான நீர் வருகிறதாமே. சப்புக்கு நல்லதுதானே?

ப: நல்லதுதான். ஆனால் அதோடு ஸ்மால்மவுத் பாஸ் என்ற, மற்ற மீன்களைத் தின்னும் மீனும் வந்துவிட்டது. மேலடுக்கு நீரோடு டர்பைனைத் தாண்டி வந்து, 2022-ல் அணைக்குக் கீழேயே குஞ்சு பொரித்தது. ட்ரவுட்டைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், இது பெரும்பசிக்காரன். 2024-ல் டர்பைன் வாயைவிட சுமார் 100 அடி ஆழத்திலுள்ள குழாய்கள் வழியே குளிர்ந்த நீரைக் கலந்துவிட்டு, அதன் இனப்பெருக்கத்தைத் தடுத்தார்கள். மின்சார வருவாய் போனது உண்மை. இருந்தாலும் பாஸ் வேரூன்றிவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் விரட்ட முடியாது. அந்தப் பணத்தை இப்போதே செலவழிப்பதுதான் சரி. அப்புறம் இன்னொன்று: 2023 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் இதே குழாய்களுக்குள் சேதம் தெரிந்து, உள்பூச்சைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மணலுக்கான வெள்ளமும் மீனுக்கான குளிர்நீரும் நம்பியிருப்பது அந்த நான்கு குழாய்களைத்தான்.