உரம் போட்டும் நாற்று நூலாய் நீள்வது ஏன்?

கேள்வி: ஜன்னலோரம் வைத்த தக்காளி நாற்றுகள் வெளிறி, நூல் போல நீண்டு, வெளிச்சத்தின் பக்கமே சாய்கின்றன. உரம் போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். நாற்றுக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை. நிழலிலிருந்து தப்பிக்கத்தான் இப்படி நீள்கிறது.

தண்டை நீட்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் 'பிஃப்' என்ற புரதங்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. இருட்டில் அவை வைத்ததுதான் சட்டம். அவற்றை அடக்குவது ஃபைட்டோகுரோம் என்ற ஒளி உணரி. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி பட்டதும் அது வடிவம் மாறி, உட்கருவுக்குள் நுழைந்து பிஃப்பைப் பற்றிக்கொள்கிறது. பிடிபட்ட பிஃப் மீது பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கு ஏறும்; அந்த அடையாளத்தைக் கண்டு செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பு அதை நொறுக்கிவிடும். நீட்சி அடங்கும்.

730 நானோமீட்டர் அளவிலான தூரச் சிவப்பு (கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிவப்பின் கடைக்கோடி ஒளி) பட்டாலோ ஃபைட்டோகுரோம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்; பிஃப் விடுபட்டு நீட்சி மீண்டும் தொடங்கும். (1952-ல் ஆய்வாளர்கள் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளுக்கு இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள், கடைசியாகப் பட்டது சிவப்பென்றால் முளைத்தன, தூரச் சிவப்பென்றால் பெரும்பாலும் முளைக்கவில்லை.) இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பை விட்டுவிடும். அதனால் நாற்றுகளை நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று நீளச் செய்யும். வெப்பத்திலும் ஃபைட்டோகுரோம் வேகமாகப் பழைய வடிவத்துக்குப் போகும் என்பதால், மங்கலான வெதுவெதுப்பான அறைதான் நாற்றுக்கு மிக மோசமான இடம்.

சாய்வு வேறு விஷயம். நீல ஒளியை உணரும் ஃபோட்டோட்ரோபின் செல் சவ்வை ஒட்டியே இருந்து வேலை செய்கிறது. அதன் தூண்டலால் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் கூடும். அந்தப் பக்கம் அதிகம் நீள, தண்டு வளையும். தொட்டியைத் தினமும் திருப்பினால் சாய்வு சரியாகும், நீட்சி குறையாது.

நீட்சிக்கு மருந்து வெள்ளை எல்.இ.டி. விளக்கு. அதில் சிவப்போடு நீலமும் உண்டு. நீலத்தை உணரும் கிரிப்டோகுரோமும் தண்டை அடக்கும். இலை கருகாத அளவுக்கு நெருக்கமாக, மேலிருந்து தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். இலைகள் உரசாதபடி தள்ளி வையுங்கள்.

நீண்ட தண்டு இனி சுருங்காது. தக்காளி என்பதால் பிழைத்தீர்கள்: விதையிலை வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும்.