சத்தம் போட்டா ப்ளேன் கிளம்பிடுமா?

கேள்வி: போன மாசம் கோலாலம்பூர் கேஎல்ஐஏ ஏர்போர்ட்லருந்து சென்னைக்கு குடும்பத்தோட கிளம்பினோம். ஃப்ளைட் 1 மணி 50 நிமிஷம் லேட். கேட்டா "ஆப்பரேஷனல் ரீசன்"னு ஒரே பாட்டு. இடி மின்னல்னு சாக்கு சொன்னாங்க, ஆனா மத்த ப்ளேனெல்லாம் கண்ணு முன்னாடி பறந்துக்கிட்டுதான் இருந்துச்சு. விடல, நல்லா சத்தம் போட்டேன். உண்மைய ஏன் மறைக்கிறாங்க? சாப்பாட்டு வவுச்சர்கூட தரல. (வாசகர், கிள்ளான்)

பதில்: யார்கிட்ட சத்தம் போட்டீங்க, கேட்ல நின்ன புள்ளகிட்டதானே? ப்ளேன அதுவா கைல புடிச்சு நிறுத்தி வச்சிருந்துச்சு?

எங்க அக்கா மக ஒன்னு அந்த வேலைலதான் இருக்கு, அதனால இதக் கொஞ்சம் உள்ள போய் சொல்றேன். மின்னல் பக்கத்துல வெட்டினா ரேம்ப்ல, அதான் ப்ளேன் நிக்கிற எடத்துல, யாரும் நிக்கக்கூடாது, லோடருங்க எல்லாம் உள்ள ஓடியாந்துடணும், எண்ணெய் ஊத்துறதும் நின்னுடும். நீங்க பாத்த ப்ளேனுங்க அதுக்கு முன்னாடியே பெட்டி ஏத்தி கதவு சாத்தினது. உங்க பெட்டி அப்போ மழைல ட்ராலில கிடக்குது. அத ஏத்த ஒருத்தன் இரும்பு வண்டி பக்கத்துல நின்னு மின்னல் வாங்கணும்னா கேக்குறீங்க?

மறைக்கிறாங்கன்னு சொல்றீங்க. அவங்களுக்கு காரணம் நம்பராத்தான் வருது அண்ணே. ஐயாட்டாங்கிற உலக விமானக் கம்பெனிங்க சங்கம் போட்டு வச்ச ரெண்டு இலக்க கோட். 93னா அந்த ப்ளேன் முந்தின ஊர்லருந்தே லேட்டா வந்துச்சுன்னு அர்த்தம், காலைல லங்காவித் தீவுல விட்ட கால் மணி நேரம் சாயங்காலம் சென்னைக்காரன் தலைல வந்து விடியுறது இப்படித்தான். 15னா செக்-இன் பண்ண ஆள் கேட்டுக்கு வந்து சேரல. எதுலயும் அடங்காத கதைக்கு 99.

அடங்காத கதைக்கு என்ன பஞ்சம். 2017-ல ஷாங்காய்ல ஒரு 80 வயசு பாட்டி, பயணம் நல்லபடியா அமையட்டும்னு படியேறும்போதே இஞ்சினப் பாத்து 9 காசு வீசிட்டாங்க, ஒன்னு சரியா உள்ள போயிடுச்சு, எல்லாரையும் இறக்கி இஞ்சின அலசி முடிக்க 5 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. (சிரிக்காதீங்க, புது காடி வாங்கினா டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற கூட்டம்தானே நாம.) 2018-ல இந்தோனேசியா பெங்குலுல ரெண்டு டன் டுரியான கார்கோல ஏத்திட்டாங்க, நாத்தம் தாங்காம ஜனங்க பறக்கவே மாட்டோம்னு சண்டை புடிச்சு கடைசில டுரியான்தான் இறங்குச்சு. நம்ம ஊருக்கே வாங்க, 2022 பிப்ரவரில கேஎல்லருந்து தாவாவ் போன ப்ளேன்ல மேல விளக்குக்குள்ள பாம்பு நெளியுது, கூச்சிங்ல இறக்கிட்டாங்க. பினாங்குல ஏர்போர்ட் பக்கத்துல பாம்புக்குன்னு கோயிலே இருக்கு, அங்க இருக்க வேண்டியது வழி தவறிடுச்சு போல.

ஆனா எங்க அக்கா மகளக் கேட்டா பாம்பு கதையெல்லாம் சொல்லாது. அது சொல்றது 15தான்.

ஒரு நாள் தமிழ்நாட்டு ஃப்ளைட்டு, எல்லாரும் ஏறியாச்சு, ஒரு அங்கள மட்டும் காணோம். பேர் சொல்லி கூப்பிட்டு கூப்பிட்டு தொண்டை வத்திடுச்சு. ரெண்டு பெட்டி போட்டிருக்காரு, அத வச்சுக்கிட்டு ஆள் இல்லாம கிளம்ப முடியாது. ஏன்னு தெரியுமா, 1985-ல கனிஷ்கான்னு ஏர் இந்தியா ப்ளேன் அயர்லாந்துக்கு பக்கத்துல வெடிச்சு 329 பேர் போனாங்களே, பெட்டி போட்டவன் ஏறவே இல்ல, பெட்டி மட்டும் ஏறுச்சு, அதுக்குள்ளதான் குண்டு. அதனால லோடருங்க மறுபடி கதவத் திறந்து, டேக் நம்பர் பாத்து பாத்து, அத்தன மூட்டைக்கு நடுவுல அந்த ரெண்ட தேடுறாங்க, ஒன்னு கிடைச்சிடுச்சு, இன்னொன்னு அடில. அதுக்குள்ள எங்க அக்கா மக ஓடிப் போய் பாத்தா மனுஷன் எதிர் கேட்ல உக்காந்து சுகமா தூங்குறாரு. காதுல மாட்டுற மெஷின கழட்டி சட்டைப் பைல வச்சிருக்காரு. ஏன் அங்கள்னு கேட்டா, "ஒரே அனௌன்ஸ்மென்ட் சத்தம்மா, தாங்கல"ன்னாராம்.

வெளிய எடுத்த பெட்டிய திரும்ப ஏத்தி, கணக்குப் பேப்பர சரி பண்ணி கிளம்ப முக்கா மணி நேரம். உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு சொன்னது என்ன? "ஆப்பரேஷனல் ரீசன்." வேற என்ன சொல்லச் சொல்றீங்க, இதோ வராரு பாருங்க 17-சி சீட்டு தாத்தா, அவராலதான்னா? உங்கள மாதிரி நாலு பேர் உள்ள இருந்தா அவர் உருப்படியா ஊர் போய்ச் சேருவாரா? அந்தப் புள்ள வாய மூடிக்கிட்டு திட்டு வாங்கிக்கிறது அவருக்காகவும்தான்.

வவுச்சர் விஷயம். நம்ம மலேசியாவுல விமானப் பயணிகள் பாதுகாப்பு விதி 2016-லருந்தே இருக்கு, 2 மணி நேரம் லேட் ஆனா சாப்பாடு குடுக்கணும், 5 மணி நேரம் ஆனா டிக்கெட் காச திருப்பிக் கேக்கலாம், இந்த ரெண்டாவது 2024 செப்டம்பர்லருந்து. நீங்களே 1 மணி 50னு எழுதியிருக்கீங்க. இன்னும் 10 நிமிஷம் விடாம சத்தம் போட்டு போர்டிங்க இழுத்திருந்தா நாசி லெமாவாவது கிடைச்சிருக்கும்.