அப்பா பார்த்தது 1999 நாடகம்தான்

உங்க அப்பா நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் 'பொன்னியின் செல்வன்' நாடகம் பார்த்ததா சொல்றார், இணையத்தில் 2014 மியூசிக் அகாடமின்னு இருக்கு, யார் சொல்றது சரின்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் சரிதான்.

முதலில் மேடையேற்றியது மேஜிக் லான்டர்ன் நாடகக் குழு, 1999-இல், ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளி அரங்கில். அஞ்சு பாக நாவலை ஒரே ராத்திரிக்குள் அடங்கும் நாடகமாக்கியவர் குமரவேல், இயக்கம் பிரவீன். 2014-இல் எஸ்.எஸ். இன்டர்நேஷனல் லைவ் தயாரிப்பில் அதே நாடகம் திரும்ப வந்தது. அப்போ அரங்க வடிவமைப்பு தோட்டா தரணி. வலையில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது சுற்றுதான், குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: தலைக்கு மேல வானமா, கூரையா? வானம்னா 1999. மியூசிக் அகாடமியில் ஏ.சி.யில்தான் உட்கார்ந்திருக்கணும்.

இன்னொண்ணு, 2022-இல் வந்த படத்தின் திரைக்கதையிலும் குமரவேல் பெயர் இருக்கு, அரங்க வடிவமைப்பில் தரணியும் இருக்கார். அதனால 'படத்தைப் பார்த்து நாடகம் போட்டாங்க'ன்னு யாராவது எழுதினா நம்பாதீங்க. அப்பாகிட்ட பழைய டிக்கெட் ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து இங்கே போடுங்களேன்!