ஆட்டம் முடிந்த பிறகு என்ன? கொழிஞ்சாம்பாறைத் தந்தைக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி விட்டதும் கேரள எல்லையான வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு டென்னிஸ் பயிற்சிக்குப் போய்வருகிறாள். பள்ளியை நிறுத்தித் திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நாள் முழுவதும் ஆடலாமே என்பது உங்கள் எண்ணம். ஆட்டம் ஓய்ந்த பிறகு பிழைப்புக்கு என்ன வழி என்கிறார் உங்கள் மனைவி. அவர் கேட்பதுதான் முதல் கேள்வி.

நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கும் சானியா மிர்சாவையே பார்ப்போம். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம் வரை வந்தார். பிறகு மணிக்கட்டுக் காயம், அறுவை சிகிச்சை. 2013இல் ஒற்றையரை விட்டு இரட்டையரில் மட்டும் நின்றார். 2015 ஏப்ரலில், 28 வயதில், இரட்டையரில் உலகின் முதலிடம். கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் ஆறும் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் வந்தவைதான். ஹைதராபாத்தில் பயிற்சிக் கூடம் திறந்ததும் அதே 2013இல். ஓய்வு பெற்றது 2023இல். அடுத்த தொழிலுக்கான அடித்தளத்தை, ஆடிக்கொண்டிருந்தபோதே, பத்து ஆண்டுகள் முன்னதாகப் போட்டுவிட்டார். பட்டங்களைவிட இந்தக் கணக்கைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றவர். உலகத் தரவரிசையில் அவர் முதல் நூறுக்குள் வந்ததில்லை. பின்னாளில் அமெரிக்காவில் பயிற்சியாளரானார். நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரின் பாதை இப்படித்தான் இருக்கும். இதில் குறைவு எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கசப்பாகவே சொல்லிவிடுகிறேன். கீழ்நிலைச் சர்வதேசப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை எல்லா ஆட்டக்காரர்களும் பங்கிட வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் விமானக் கட்டணம்கூடத் தேறாது. நிலத்தை விற்றுச் செலவழிக்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

அதனால் பள்ளியை விட வேண்டாம். கேரளப் பள்ளியில் படிப்பதால் பள்ளி விளையாட்டுகளில் அவள் கேரளத்துக்குத்தான் ஆட முடியும். பயிற்சி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். சான்றிதழ்கள் இந்தப் பக்கம் சேரட்டும். பிளஸ் ஒன் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மாவட்ட விளையாட்டுக் கவுன்சில்தான் அவற்றைச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிறகு அலைந்தால் கிடைக்காது.

பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்க அவளுக்கு விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். பிசியோதெரபிக்கு அது வழி. இல்லையென்றால் பட்டப்படிப்பு முடித்து உடற்கல்வி, அல்லது பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம். 18 வயதுக்குள் ஜூனியர் போட்டிகளில் அகில இந்தியத் தரவரிசையில் முன்வரிசைக்கு வந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகைக்கும் முயலலாம். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், "சில நாளாக வலது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள், தைலம் தேய்க்கிறோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வளரும் வயது எலும்பு ஐயா. தைலத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மட்டை பையிலேயே இருக்கட்டும். மற்ற முடிவுகளை அதன் பிறகு பேசலாம். அப்போது மகளையும் அழைத்து வாருங்கள்.