பழைய கிராபிக்ஸ் கார்டு பழுது: கடைக்காரர் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: திருச்சியில் வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பு நடத்துகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய கணினி பாகங்கள் விற்கும் கடையொன்றில் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டை 30,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டக் கணினியை இடைவிடாது ஓட்டும் வேலையில்) ஓடாதது, நல்ல நிலையில் உள்ளது’ என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வேலை நடுவே திரை கறுத்துக் கணினி நின்றுவிடுகிறது. கேட்டால், ‘விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பில்லிலேயே இருக்கிறதே’ என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன், கோளாறு கார்டில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இத்தகைய வழக்கில் கடைக்காரர் முதலில் சொல்லப்போவது, ‘உங்கள் கணினியின் பவர் சப்ளைதான் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) காரணம்’ என்பதே. அது பல நேரங்களில் உண்மையாகவும் இருக்கும். இந்த கார்டு மட்டுமே 320 வாட் இழுக்கும். குறைந்தது 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று இதை வடிவமைத்த என்விடியா நிறுவனமே பரிந்துரைக்கிறது. கார்டு கணநேரத்தில் அந்த 320 வாட்டைவிட அதிகமாகவும் இழுக்கும் என்பதால், தரம் குறைந்த பவர் சப்ளை அப்போது கணினியை அணைத்துவிடும்.

ஆகவே கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முழுவதும் நீக்கிப் புதிதாக நிறுவுங்கள். கிளை பிரியும் ஒரே கேபிளில் இணைக்காமல், கார்டுக்குத் தனித்தனி மின் கேபிள்களைக் கொடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண் தெரிந்தால் டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்காமல் போயிருக்கிறது. 41 என்ற எண் மட்டும் தெரிந்தால் கணினி முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது. அப்போது பவர் சப்ளையையும் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும்விட வலுவான சோதனை, போதிய பவர் சப்ளை உள்ள வேறொரு கணினியில் கார்டைப் பொருத்திப் பார்ப்பது. அங்கும் நின்றால், கார்டின் வரிசை எண்ணும் தேதியும் தெரிய வீடியோ எடுங்கள். சர்வீஸ் பொறியாளரிடம் எழுத்துபூர்வமாக ஓர் அறிக்கையும் வாங்குங்கள். கார்டை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். ஒரு திருகைக் கழற்றினாலும், ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 புதிய பொருள், பழைய பொருள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சட்டம் கேட்கும் தரத்தில் குறை இருந்தால் மட்டுமல்ல, வணிகர் தாமே சொல்லிக்கொண்ட தரத்தில் குறை இருந்தாலும் அது குறைபாடுதான் என்கிறது பிரிவு 2(10). எனவே உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் செய்திதான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டபின், இராப்பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. ‘மைனிங்கில் ஓடாதது’ என்ற சொல்லை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். அதை அழிக்காமல் காப்பாற்றுங்கள்.

‘திருப்பி எடுப்பதில்லை’ என்ற வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பழுதான பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பில்லில் கால வரம்பு இல்லையெனில், அது 30 நாள். அதனால் இன்றே பதிவுத் தபாலில் கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கார்டைப் பேசாமல் வைத்துக்கொண்டே நாள்களைக் கடத்தினால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம், 1930 கருதும்.

தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று வாதிடுவார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கமாகாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. சென்னைக்கு அலையவும் வேண்டாம்; நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புகார் தருவதற்கான கெடு 2 ஆண்டு. அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். நோட்டீசுக்கு அசையாத சில கடைகள் அதற்கு இறங்கி வருவதுண்டு.

(கடையிடம் அல்லாமல் தனிநபர் ஒருவரிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. பொய் சொல்லி விற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.)

பணத்தை வட்டியுடன் திருப்பிக் கேளுங்கள். வேலை நின்றதற்கு இழப்பீடு கோரினால், கைவிட்டுப் போன வேலைக்கான கடிதமோ செய்தியோ இணைத்தாக வேண்டும். நடுவில் கடைக்காரர் மாற்று கார்டு தர முன்வந்தால், அதன் வரிசை எண்ணையும் எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்கிய பிறகே பழையதைக் கையை விடுங்கள்.